பகுதி நேர வேலைக்குப் போனால் ஈ.ஐ. நின்றுவிடுமா?

கனடாவின் வேலையிழப்புக் காப்புறுதியை, நாம் எல்லோரும் ஈ.ஐ. என்று சொல்லும் அந்தக் கொடுப்பனவை, எடுத்துக்கொண்டே பகுதி நேரம் வேலை செய்வது பற்றியும் முழு வேலைக்குத் திரும்புவது பற்றியும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: எட்டு வருடம் வேலை செய்த வெயார்ஹவுஸில் ஆட்குறைப்புச் செய்து என்னையும் நிறுத்திவிட்டார்கள். ஈ.ஐ. கிழமைக்கு 440 டொலர் வருகிறது. வீட்டுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் கிழமைக்கு இரண்டு நாள், மணிக்கு 18 டொலருக்கு வரச் சொல்கிறார்கள். போனால் ஈ.ஐ.-யை வெட்டிவிடுவார்கள், வீட்டில் இருப்பதுதான் லாபம் என்று அக்கா சொல்கிறா. உண்மையா?
— ஸ்காபரோ வாசகி

பதில்: அக்கா சொல்வதில் பாதிகூடச் சரியில்லை. வெட்டுவார்கள். ஆனால் முழுவதையும் அல்ல.

உங்களுக்கு வரும் 440 டொலர், 800 டொலரின் 55 சதவீதம். அந்த 800 உங்கள் சராசரிக் கிழமைச் சம்பளம். கடைசி 52 கிழமைகளில் நீங்கள் அதிகம் உழைத்த கிழமைகளை, உங்கள் பிரதேசத்து வேலையில்லா நிலைமையைப் பொறுத்து 14 முதல் 22 வரை எடுத்து, அதைக் கணக்கிட்டிருப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் இவற்றிலிருந்துதான் வரும். அதிகச் சம்பளக்காரருக்கு ஒரு மேல் எல்லை உண்டு: 2026-இல் கிழமைக்கு 729 டொலர்.

விதி இதுதான். வேலை செய்து உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஈ.ஐ.-யில் 50 சதம் குறைப்பார்கள். சராசரிச் சம்பளத்தின் 90 சதவீதம் வரை, உங்களுக்கு 720 டொலர் வரை, இப்படித்தான். அதைத் தாண்டினால் டொலருக்கு டொலர் வெட்டு. பல வருடங்கள் பரீட்சார்த்தத் திட்டமாக ஓடிய இந்த ஏற்பாடு 2018 ஓகஸ்ட் 12 முதல் நிரந்தரச் சட்டம்.

கடையில் எட்டு மணி நேரச் சம்பளத்தோடு இரண்டு நாள் என்றால் 288 டொலர். விடுமுறைச் சம்பளம் 4 சதவீதத்தை ஒவ்வொரு சம்பளத்தோடும் தந்தால் அதுவும் சேர்ந்து 299.52. அதில் பாதி 149.76 டொலர் ஈ.ஐ.-யில் குறையும். ஈ.ஐ. 290.24, சம்பளம் 299.52, மொத்தம் 589.76. வீட்டில் இருந்தால் 440. ஆக, இரண்டு நாளைக்கு ஏறக்குறைய 150 டொலர் கூட.

அக்காவின் பேச்சில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஈ.ஐ.-யில் வெட்டுவது, வரியும் சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியத் திட்டப் பிடித்தமும் கழிக்க முன் உள்ள மொத்தச் சம்பளத்தில் பாதி. உங்கள் கைக்கு வருவதோ கழித்த பிறகு உள்ள தொகை. ஆகவே நான்கு மணி நேரச் சின்ன ஷிஃப்ட் ஒன்று 72 டொலர் என்றால், 36 போய்விடும். டி.டி.சி. பஸ்ஸில் போக வர 6.60 போய்விடும். பிடித்தங்களும் போனால் மிச்சம் முப்பதுக்குக் கீழே. கடைக்காரரோடு பேசும்போது நான்கு சின்ன ஷிஃப்டுக்குப் பதில் இரண்டு முழு நாள் கேளுங்கள். மணித்தியாலம் ஒன்றுதான், பஸ் காசும் அலைச்சலும் பாதி.

இனி, பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒன்று. கடை உங்களை நான்கு நாளுக்குக் கூப்பிட்டால் சம்பளம் 599.04, வெட்டு 299.52, ஈ.ஐ. 140.48, மொத்தம் 739.52. ஐந்து நாள் போனால் அது முழுக் கிழமை வேலை. முழுக் கிழமை வேலை செய்தவருக்கு, சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கிழமைக்கு ஈ.ஐ. இல்லை. கையில் 748.80 மட்டும். ஐந்தாவது நாள் எட்டு மணி நேரம் நின்று உழைத்ததற்கு 9 டொலர் 28 சதம்தான் கூடுதல் என்று தோன்றும். அவசரப்பட்டு அந்த ஐந்தாவது நாளை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்கு ஈ.ஐ. இத்தனை கிழமைகள் என்று ஒரு எண்ணிக்கை கொடுத்திருப்பார்கள். அது 14 முதல் 45 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒரு கிழமைக்கு ஒரே ஒரு டொலர் ஈ.ஐ. வந்தாலும் அந்த எண்ணிக்கையில் ஒரு முழுக் கிழமை கழிந்துவிடும். ஒன்றுமே வராத கிழமை கழியாது. அது பின்னுக்குத் தள்ளி நிற்கும். உங்கள் ஈ.ஐ. விண்ணப்பம், அதாவது கோரிக்கை, தொடங்கியதிலிருந்து ஓடும் 52 கிழமைக்குள் மறுபடி வேலை இல்லாமல் போனால், அந்தக் கிழமையை 440 டொலருக்கே எடுக்கலாம். நான்கு நாள் வேலை செய்தால் 140 டொலருக்கு ஒரு கிழமையைச் செலவழிக்கிறீர்கள். ஐந்து நாள் செய்தால் அதைச் சேமிக்கிறீர்கள். அதோடு 32 மணிக்குப் பதில் 40 மணி, அடுத்த கோரிக்கைக்கான கணக்கில் சேரும். எதிர்காலத்தில் கடை வேலை நிச்சயமில்லை என்றால் இந்தச் சேமிப்பு பெரிய விடயம். கோரிக்கை முடிய இரண்டு மூன்று கிழமைதான் இருக்கிறது என்றால் சேமிப்பதில் பொருளில்லை, ஏனென்றால் 52 கிழமை முடிந்ததும் எடுக்காத கிழமைகள் காலாவதி.

இரண்டு நாள் வேலை இருக்கிறதே, இனி முழு வேலை தேடத் தேவையில்லை என்று நினைக்கவும் கூடாது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் வேலைக்குத் தயாராக, விருப்பமாக, இயலக்கூடியவராக இருக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், பத்து மணிக்குப் பிறகுதான் வருவேன் என்று எங்காவது எழுதிக் கொடுத்தால் அதையே பிடித்துக்கொண்டு நிறுத்துவார்கள். எங்கே, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு விண்ணப்பித்தீர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். ஆறு வருடம் அதை எறியக் கூடாது.

கேள்வி: நான் வேலை செய்யும் இடத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை சம்பளம் போடுகிறார்கள். வங்கியில் விழுந்த தொகையைத்தான் ஈ.ஐ. ரிப்போர்ட்டில் போட்டு வந்தேன். அது பிழை என்று ஒரு நண்பர் சொல்கிறார். எங்கே பிழை?
— மார்க்கம் வாசகர்

பதில்: இரண்டு இடத்தில் பிழை. தொகையும் பிழை, கிழமையும் பிழை. ஈ.ஐ. கடிதங்களில் வரும் பெரும்பாலான தலையிடிக்கு இதுதான் காரணம். இதில் கள்ளம் ஒன்றும் இல்லை, ஆனால் கணினிக்கு அது தெரியாது.

ஈ.ஐ. கிழமை ஞாயிறு தொடங்கிச் சனி முடியும். காசு எப்போது வந்தது என்பது தேவையில்லை. எந்தக் கிழமையில் வேலை செய்தீர்களோ அந்தக் கிழமையில் போட வேண்டும். சம்பளம் இன்னும் வரவில்லை, அடுத்த மாதம்தான் தருவார்கள் என்றாலும் அப்படியே. வேலை பழகும் நாட்கள், சம்பளமில்லாத பரீட்சை நாட்கள் என்றாலும் மணி நேரத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

தொகை என்பது பிடித்தங்களுக்கு முன் உள்ள மொத்தம். உங்கள் வங்கியில் 500 டொலர் விழுந்திருக்கும், பே-ஸ்டப்பில் மொத்தம் 590 இருக்கும். போட வேண்டியது 590-ஐ, அதையும் இரண்டு கிழமைக்கும் சரியாகப் பிரித்து. பே-ஸ்டப் இதற்கு முழுதாக உதவாது. கொம்பனியின் சம்பளக் காலம் திங்களில் தொடங்கலாம், ஈ.ஐ. கிழமை ஞாயிறில் தொடங்கும். ஞாயிறு ஷிஃப்ட் ஒன்று இருந்தால் அது வேறு கிழமைக்குத் தாவிவிடும்.

ஆகவே சமையலறை நாட்காட்டியிலோ கைபேசியிலோ ஒவ்வொரு ஷிஃப்டையும் அன்றன்றைக்கே குறியுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சம்பளமில்லாத சாப்பாட்டு இடைவேளை. ஒன்பதிலிருந்து ஐந்து வரை நின்றால் எட்டு மணி என்று போட்டுவிடுகிறார்கள். அரை மணி இடைவேளைக்குச் சம்பளம் இல்லை என்றால் அது ஏழரை. சனிக்கிழமை இரவு மணிகளைக் கூட்டி, மணிக் கூலியால் பெருக்குங்கள். ஒவ்வொரு சம்பளத்தோடும் வரும் 4 சதவீத விடுமுறைச் சம்பளத்தைச் சேருங்கள். உணவகத்தில் என்றால் டிப்ஸையும் சேருங்கள். விக்டோரியா தினம், கனடா தினம் போன்ற விடுமுறைக்குச் சம்பளம் தந்தால் அது விடுமுறை வந்த கிழமைக்குச் சேரும்.

ரிப்போர்ட் இரண்டு கிழமைக்கு ஒன்று. இணையத்தில் போடலாம், அல்லது 1-800-531-7555 என்ற தொலைபேசியில் போடலாம். இரண்டுக்கும் சின் எனும் சமூகக் காப்புறுதி இலக்கமும், ஈ.ஐ.-யை நடத்தும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடா தபாலில் அனுப்பிய நான்கு இலக்க இரகசிய எண்ணும் வேண்டும். தவணை நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் போடாவிட்டால் கொடுப்பனவு நின்றுவிடும்.

போட்டு முடித்த பழைய ரிப்போர்ட்டுகளுக்கு நீங்கள் செய்ய வேண்டியது: முதல் பே-ஸ்டப்பிலிருந்து எல்லாவற்றையும் விரித்து வைத்து, கிழமை வாரியாகச் சரியான மணியும் மொத்தத் தொகையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு 1-800-206-7218-க்கு அழைத்து, இத்தனையாம் தேதி ரிப்போர்ட்டைத் திருத்த வேண்டும் என்று சொல்லுங்கள். அடுத்த ரிப்போர்ட்டில் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒரு பிழை இரண்டாகும். அழைத்தவுடன் ஆள் கிடைக்காது, காத்திருக்கத்தான் வேண்டும். பேசியவுடன் தேதியையும் என்ன சொன்னார்கள் என்பதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.

கேள்வி: ஈ.ஐ. எடுக்கும் காலத்தில் சொந்தக் காரில் ஊபர் ஓடலாமா?
— பிராம்ப்டன் வாசகர்

பதில்: ஓடலாம், சொல்லிவிட்டு. அது சுயதொழில் வருமானம். வந்த பணத்தில் நிறுவனத்தின் தரகு, பெற்றோல், தொழிலுக்குரிய காப்புறுதிப் பங்கு போன்ற நடைமுறைச் செலவைக் கழித்து மிச்சத்தைப் போட வேண்டும். காரின் விலையைக் கழிக்க முடியாது. மணி நேரத்தையும் சொல்ல வேண்டும்.

சிக்கல் பணத்தில் இல்லை, நேரத்தில். கிழமைக்கு நாற்பது மணி ஓடினால், நீங்கள் வேலை இல்லாதவர் அல்ல, தொழில் நடத்துபவர் என்று முடிவெடுத்து முழுதாக நிறுத்தலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு முதல் போட்டீர்கள், எவ்வளவு காலமாக, எவ்வளவு வருமானம், எப்படிப்பட்ட தொழில், வேறு வேலை உண்மையில் தேடுகிறீர்களா என்று ஆறு கோணத்தில் பார்ப்பார்கள். நேரமும் கடைசிக் கேள்வியும்தான் அதிகம் கனக்கும். மற்றொன்று, சொந்தக் காரில் இப்படி ஓடும் மணிகள் அடுத்த ஈ.ஐ.-க்குச் சேராது. கடையில் இரண்டு நாள் கிடைத்தால் அதுவே மேல்.

கேள்வி: ஓர் உணவகத்தில் மாலை நேர வேலை. முதலாளி காசாகத் தருகிறேன், ஈ.ஐ.-க்குச் சொல்லத் தேவையில்லை என்கிறார். நான்கு மாதமாகப் போகிறேன். இப்போது பயமாக இருக்கிறது.
— பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: காசாகச் சம்பளம் தருவது தவறல்ல. சம்பள விபரம் எழுதிய சீட்டும் பிடித்தங்களும் இல்லாமல், கணக்கில் வராமல் தருவதுதான் தவறு. அதில் லாபம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு.

எப்படித் தெரியவரும் என்று நினைக்கலாம். முதலாளியின் கணக்கை வரித் திணைக்களம் ஒரு நாள் சோதிக்கும். அல்லது கோபித்துக்கொண்டு போன சக ஊழியர் ஒருவர் சொல்வார். அல்லது முதலாளியே வருட முடிவில் செலவு காட்ட உங்கள் பெயரில் டி-4 எனும் வருடச் சம்பளப் பத்திரம் போடுவார். அப்போது டி-4 ஒரு பக்கம், உங்கள் ரிப்போர்ட்டில் சைபர் மறு பக்கம். சேர்விஸ் கனடா சாதாரணமாக 36 மாதம் பின்னோக்கிப் பார்க்கலாம். பொய்த் தகவல் என்று கருதினால் 72 மாதம்.

பிடிபட்டால் கூடுதலாக எடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு மேல் தண்டம், அது எடுத்த தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். இவற்றைவிட நீண்ட காலம் கடிப்பது மீறல் பதிவு. வழக்கமாக ஈ.ஐ. தொடங்க, பிரதேசத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணி நேர வேலை வேண்டும். மீறல் பதிவானவருக்கு அதன் பாரதூரத்தைப் பொறுத்து இது ஒன்றே கால், ஒன்றரை, அல்லது ஒன்றே முக்கால் மடங்காகும், மறுபடி மீறினால் இரண்டு மடங்கு. 700 மணி போதும் என்ற இடத்தில் அவருக்கு 1,400 வரை. ஐந்து வருடம் அந்த நிழல் தொடரும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. அவர்கள் விசாரிக்கத் தொடங்கும் முன் நீங்களாகப் போய்ச் சொன்னால் தண்டத்தைத் தவிர்க்க இடமிருக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். நான்கு மாதத்துத் தேதியும் மணியும் நினைவிலிருக்கும்போதே எழுதுங்கள். மேலே சொன்ன 1-800-206-7218 இலக்கத்துக்கு அழையுங்கள். உழைத்ததை முழுதாகப் போட்டாலும் ஈ.ஐ. வெட்டுவது அதில் பாதிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். முன்பே சொல்லியிருந்தால் அந்த வேலையில் நியாயமாகவே பாதி உங்களுக்கு மிஞ்சியிருக்கும். இந்தக் கிழமையிலிருந்து முதலாளியிடம் சம்பளச் சீட்டுக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அம்மா காலமாகிவிட்டா. செத்தவீட்டுக்கும் எட்டுச் செலவுக்கும் மூன்று கிழமை போக வேண்டும். பகுதி நேர வேலையில் லீவு தந்துவிட்டார்கள். ஈ.ஐ. என்னவாகும்?
— மிசிசாகா வாசகி

பதில்: உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம். கனடாவுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்குப் பொதுவாக ஈ.ஐ. கிடையாது. நெருங்கிய உறவினரின் மரணச் சடங்குக்குப் போவது விதிவிலக்கு. தொடர்ந்து 7 நாள் வரை கொடுப்பார்கள். கடும் நோயிலிருக்கும் நெருங்கிய உறவினரைப் பார்க்கப் போனாலும் 7 நாள். அந்த நாட்களிலும், வேலை ஒன்று வந்தால் தொடர்பு கொள்ளக்கூடிய விதத்தில் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

எட்டாவது நாளிலிருந்து நின்றுவிடும். கிழமையின் நடுவில் எல்லை விழுந்தால், உரித்தில்லாத ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஒன்றுமே கிடைக்காத கிழமைகள் எண்ணிக்கையில் கழியாது என்பதால் அவை வீணாகாது, பின்னர் எடுக்கலாம்.

போக முன் அழைத்துச் சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டு, போன தேதியும் திரும்பிய தேதியும் கொடுங்கள். விமானச் சீட்டும் மரணச் சான்றிதழின் பிரதியும் கையில் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் மகனிடம் இரகசிய எண்ணைக் கொடுத்து, இல்லை என்று போட்டுவிடு என்று சொல்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எல்லைச் சேவையின் பயணப் பதிவுகள் சேர்விஸ் கனடாவுக்குப் போகின்றன. ஒரு சின்ன "இல்லை", முந்தைய பதிலில் சொன்ன தண்டக் கணக்கில் போய் நிற்கும்.

கேள்வி: வருகிற புதன்கிழமை முழு நேர வேலை தொடங்குகிறேன். மூன்று மாதம் புரொபேஷன். ஈ.ஐ.-யை எப்படி மூடுவது? வேலை சரிவராமல் போனால் மறுபடி கிடைக்குமா?
— ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: மூடவே தேவையில்லை. அந்தக் கிழமைக்கான ரிப்போர்ட்டைக் கட்டாயம் போடுங்கள். நாளைக்கு வேலை, இனி எதற்கு என்று பலர் கடைசி ரிப்போர்ட்டை விட்டுவிடுகிறார்கள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் உழைப்பை மட்டும் போட்டால், அது முழுக் கிழமை அல்ல என்பதால் பாதி வெட்டுப் போக ஏதாவது மிஞ்சலாம். முழு நேர வேலை தொடங்கினீர்களா என்ற கேள்விக்கு ஆம், தேதி இது என்று கொடுங்கள். அதன் பிறகு ரிப்போர்ட் வேண்டாம். கோரிக்கை உறங்கும், சாகாது.

52 கிழமைக்குள் மறுபடி வேலை போனால் உடனே விண்ணப்பியுங்கள். கடைசி வேலை நாளிலிருந்து நான்கு கிழமைக்குள் என்பது எல்லை. பழைய கோரிக்கை உயிரோடிருப்பதால் தானாக ஓடும் என்று சும்மா இருந்தால் ஓடாது. வேலை செய்த காலத்தையும் நின்ற காரணத்தையும் முதலாளி எழுதும் ஆர்.ஓ.ஈ. பத்திரமும் புதிய வேலை இடத்திலிருந்து தேவை. மின்வழியில் அனுப்பும் கொம்பனி என்றால், வேலை நின்ற சம்பளக் காலம் முடிந்து ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். அது வரும்வரை காத்திருக்காமல் விண்ணப்பத்தைப் போடுங்கள். பழைய கோரிக்கையைத் தட்டி எழுப்புவதால் சம்பளமில்லாத காத்திருப்புக் கிழமை மறுபடி இல்லை. புதுக் கோரிக்கை என்றால் வழக்கமாக அந்த ஒரு கிழமை உண்டு. 2025 மார்ச் 30 முதல் தற்காலிகமாக அதைத் தளர்த்தியிருந்தார்கள். உங்கள் கோரிக்கை தொடங்கும் தேதிக்கு அது பொருந்துமா என்று அழைக்கும்போது கேளுங்கள்.

எழுப்புவதா, புதிதாகத் திறப்பதா என்பதை யோசித்துச் செய்யுங்கள். பெப்ரவரியில் தொடங்கிய கோரிக்கை, 30 கிழமை தந்தார்கள், 12 எடுத்துவிட்டீர்கள், 18 மிச்சம் என்று வைப்போம். நவம்பர் நடுவில் வேலை போனால், பெப்ரவரிக்கு இருப்பது ஏறக்குறைய 12 கிழமை. மீதி ஆறு காலாவதியாகும். அதற்குள் புது வேலையில், ஈ.ஐ. காலத்துப் பகுதி நேர மணிகளும் சேர்த்து, உங்கள் பிரதேசத்துக்கு வேண்டிய மணி சேர்ந்துவிட்டால் பழையதை முடித்துப் புதிதாகத் திறக்கக் கேட்கலாம். புது வேலையின் சம்பளம் குறைவு என்றால் புதுக் கொடுப்பனவும் குறையலாம். இரண்டு கணக்கையும் அதிகாரியிடம் கேட்டு எழுதிக்கொண்டு பிறகு சொல்லுங்கள்.

"சரிவராமல் போனால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்கள் நிறுத்தினால் ஒன்று, நீங்களாக விட்டால் வேறு. ஆர்.ஓ.ஈ.-யின் 16-ஆம் கட்டத்தைப் பாருங்கள்: வேலை குறைந்ததால் நிறுத்தினால் ஏ, தானாக விலகினால் ஈ, வெளியேற்றினால் எம். எம் என்று கண்டவுடன் பயப்பட வேண்டாம். புரொபேஷனில் வேகம் போதவில்லை, வேலைக்குப் பொருந்தவில்லை என்று அனுப்புவது ஒழுங்கீனம் அல்ல, ஈ.ஐ. கிடைக்கும். ஈ-தான் கடினம். விலகுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும்: தொந்தரவு, பாதுகாப்பற்ற வேலை, சொன்ன சம்பளத்தையோ வேலையையோ பெரிதாக மாற்றியது போன்றவை. அதற்கு முன் மேலாளரிடம் எழுத்தில் முறையிட்டீர்களா, வேறு இடம் தேடினீர்களா என்று கேட்பார்கள். பிடிக்கவில்லை என்று விட்டால் மிச்சமிருந்த கிழமைகளும் போகும், அதுவரை சேர்த்த மணிகளும் புதுக் கோரிக்கைக்கு உதவாது. இராஜினாமாக் கடிதம் எழுத முன் அழைத்துக் கேளுங்கள், எழுதிய பின் அல்ல.

கேள்வி: 1,900 டொலர் கூடுதலாக எடுத்துவிட்டேன், திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்திருக்கிறது. நான் எல்லாம் சரியாகத்தான் போட்டேன்.
— ஸ்காபரோ வாசகர்

பதில்: கடிதத்தில் எந்தக் கிழமைகள், நீங்கள் சொன்ன தொகை எவ்வளவு, முதலாளி சொன்ன தொகை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். வித்தியாசம் பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும்: கைக்கு வந்த தொகையைப் போட்டது, கிழமை மாறிப் போட்டது, விடுமுறைச் சம்பளத்தை விட்டது. கிழமை மாறியது மட்டும் என்றால் மொத்தம் ஏறக்குறையச் சமமாக வரும், திருத்தியதும் கடன் சுருங்கும். முதலாளியே பிழையாகப் பிரித்து அனுப்பியிருக்கவும் கூடும். அப்போது உங்கள் ஷிஃப்ட் குறிப்பும் பே-ஸ்டப்பும்தான் சாட்சி.

முடிவு கிடைத்த 30 நாளுக்குள் மீளாய்வு கேட்க வேண்டும். அதற்கென்று படிவம் இருக்கிறது, கட்டணம் இல்லை. அதிலும் தோற்றால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்கு இன்னொரு 30 நாள். கடன் சரிதான் என்று கண்டால் அறவிடுவது வரித் திணைக்களம். மாதம் எவ்வளவு முடியும் என்று அவர்களோடு பேசித் தவணை போடலாம். பதில் போடாமல் இருந்தால் வரி மீளளிப்பிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஈ.ஐ.-யும் பகுதி நேரச் சம்பளமும் இருந்த வருடத்துக்கு வரி கட்ட வேண்டி வந்தது. ஏன்?
— வாசகி, மார்க்கம்

பதில்: ஈ.ஐ.-யும் வரிக்குட்பட்ட வருமானம். சேர்விஸ் கனடா உங்களுக்கு வேறு வருமானம் இல்லை என்ற நினைப்பில் குறைவாகப் பிடிக்கிறது. கடையும் அதே நினைப்பில் குறைவாகப் பிடிக்கிறது. வரி விலக்குத் தொகை இரண்டு இடத்தில் கழிந்துவிடுகிறது, ஏப்ரலில் மிச்சத்தைக் கேட்கிறார்கள். கடையில் டி.டி.-1 படிவத்தில் கூடுதல் வரி பிடிக்கச் சொல்லி ஒரு தொகை எழுதலாம். கிழமைக்கு 20 டொலர்கூடப் போதுமானதாக இருக்கலாம்.

நல்ல சம்பளத்துக்குத் திரும்பியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வருடத்தின் நிகர வருமானம் 2025-க்கு 82,125 டொலரையும் 2026-க்கு 86,125 டொலரையும் தாண்டினால், தாண்டிய தொகையின் 30 சதவீதம், அல்லது வாங்கிய ஈ.ஐ.-யின் 30 சதவீதம், எது குறைவோ அதைத் திருப்பிக் கேட்பார்கள். அதற்கு முந்தைய பத்து வருடத்தில் ஒரு கிழமைக்கும் குறைவாகவே வழக்கமான ஈ.ஐ. எடுத்தவருக்கு இது இல்லை. பிரசவக் கொடுப்பனவுக்கும் இல்லை. வாங்கிய ஈ.ஐ.-யைக் காட்டும் டி-4-ஈ பத்திரம் சேர்விஸ் கனடா இணையக் கணக்கில் பெப்ரவரியில் வரும். வரி செய்பவரிடம் போகும்போது கடையின் டி-4-ஓடு அதையும் சேர்த்துக் கொண்டு போங்கள்.